டர்பன் பக்கம் கோவில் விழாவில் நாவல் விற்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

மீனா_ஃபீனிக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கிறேன். வாரநாட்களில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். என் முதல் நாவல் போன மாதம் அச்சாகி வந்துவிட்டது. பதிப்பாளர் என்று யாரும் இல்லை. சேமிப்பை எடுத்து, பைன்டவுனில் உள்ள ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டேன். பெட்டிகள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருக்கின்றன. யாராவது காலை நீட்டினால் இடிக்கிறது.

நாவல் ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுத ஆசை இருந்தாலும் என் அத்தை பிள்ளைகளே படிக்க மாட்டார்கள், அப்புறம் யாருக்காக எழுதுவது? கதை மவுன்ட் எட்ஜ்கம்ப் கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் நடக்கிறது. அக்கா தங்கை இரண்டு பேர், 1930களில். அந்தக் கரும்பு இருந்த இடத்தில் பாதி இன்றைக்கு கோல்ஃப் மைதானமும் மதில் வைத்த வீடுகளும்தான். எங்கள் தாத்தா தோட்டத்தில் வெட்டு வேலை செய்தவர். நாங்கள் அந்த மதிலுக்கு வெளியே காரை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புத்தகக் கடையில் ஐந்து பிரதி எடுத்துக்கொண்டார்கள். விற்றால் நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு. கீழ்த்தட்டில், சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அச்சுச் செலவைக் கழித்தால் எனக்கு நிற்பது டீக்காசு. இந்த நிலைமையில் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோவில் கமிட்டியில் தெரிந்த ஒருவர், ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டுக்கொள்ளச் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆத்தாளைக் கும்பிட வர்ற இடத்துல கடை போடுவியா?" என்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான். கோவில், தீபாவளி விழா, நூலகம் என்று உள்ளூர் நிகழ்ச்சிகளில் புத்தகம் நிஜமாகவே விற்குமா? விற்கும் என்றால் எது முதலில்? நான் கூச்ச சுபாவம். தெரிந்தவர்களிடம் காசு வாங்கவே கை நடுங்கும்.

---

லெனேசியா_ராஜு எழுதியது:

வாழ்த்துகள். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள். பிரியாணி டிக்கெட் என்றால் பத்து வாங்குவார்கள். நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் கவிதைப் புத்தகத்தோடு ஒரு தீபாவளிச் சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சேலைக் கடை, ஒரு பக்கம் சமோசா. எதிரே ஆளுயர ஒலிபெருக்கி. வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுதான்.

மேசை வாடகைக்குக் கொடுத்த பணத்தை இணைய விளம்பரத்தில் போட்டிருக்கலாம். மின்நூலாகப் போடுங்கள், உலகம் முழுக்கப் போகும்.

---

பேரக்ஸ்_பேரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் பெட்டிகளை மேசைக்கு அடியிலிருந்து எடுங்கள். டர்பன் ஈரத்துக்குத் தரையில் வைத்த புத்தகம் மழைக்காலம் வருவதற்குள் அட்டை சுருண்டுவிடும். கட்டிலுக்கு மேலே, அலமாரியில், எங்கேயாவது காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். தரையில்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில் பலகை கொடுங்கள்.

நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுத ஆரம்பித்தவன். என் நாவல்கள் மகசின் பேரக்ஸைப் பற்றியவை. வெளியூர் ஆட்களுக்காக ஒரு வார்த்தை: டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளவும் சாலை போடவும் வேலைக்கு எடுத்த நம் ஆட்களைக் குடிவைத்த லைன் வீடுகள் அவை, சோம்ட்ஸ்யூ ரோட்டில். பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வட்டாரச் சட்டம் வந்து, 1960களில் அத்தனை பேரையும் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பினார்கள். நான் பிறந்தது அங்கே, வளர்ந்தது இங்கே. எல்லாப் பிரதியும் நானும் என் மனைவியும் காரில் ஏற்றிக்கொண்டு போய் விற்றவைதான். புத்தகக் கடை எனக்கு வேண்டாத இடம்.

ராஜு தம்பி சொன்ன தீபாவளிச் சந்தை அனுபவம் முழுக்க உண்மை. ஆனால் அதை வைத்து நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சந்தையில் யாருக்குமே கை காலியாக இருப்பதில்லை. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தட்டு. நாவலைப் புரட்டிப் பார்க்க இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் அமைதியும் வேண்டும். எழுதியவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லவும் இடம் வேண்டும். பெரிய கூட்டத்தில் மூன்றுமே கிடையாது. சின்ன கூட்டம், உட்கார நாற்காலி, நீங்கள் பேசப் பத்து நிமிடம். இது இருக்கிற இடத்தில்தான் புத்தகம் போகும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் மூத்தோர் சங்கத்துக் கூட்டம், நாற்பதாயிரம் பேர் நடந்து போகும் திருவிழாவைவிட எனக்கு மேல்.

மூத்தோர் சங்கம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் வாரம் ஒரு நாள் கூடுவார்கள். பின்னல் வேலை, கொஞ்சம் உடற்பயிற்சி, அப்புறம் டீ. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பேரக்ஸ் பொதுக்குழாய் வரிசை பற்றிய பக்கத்தை வாசித்தேன். விடியற்காலையில் வாளியை வைத்து இடம் பிடிப்பது, ஒருத்தி வாளியை இன்னொருத்தி காலால் தள்ளுவது, அதில் வருகிற சண்டை. பாதியில் முன்வரிசையில் ஒரு ஆயா கையைத் தூக்கினார். "தம்பி, குழாய் நீ சொல்ற பக்கம் இல்ல. எங்க லைனுக்கு மேல் பக்கம். எனக்குத் தெரியாதா, நாந்தான் அந்த வாளியத் தள்ளுனவ" என்றார். கூடமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் இல்லை கீழ்ப்பக்கம்தான் என்றார். அதற்கப்புறம் நான் வாசிக்கவே தேவைப்படவில்லை. அவர்களுக்குள் குழாய், கோவில், கால்பந்து, நாடகம், யார் யாரோடு ஓடிப்போனது எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் அந்த ஆயா இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று அவருக்கு, ஒன்று பெர்த்தில் இருக்கிற மகனுக்கு. கண்ணாடி போட்டாலும் பெரிதாகப் படிக்க முடியாதவர். பேத்தி படித்துக் காட்டுவாளாம்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பிரதி. நம் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள். அம்மா அப்பாவுக்கு அவர்களுக்கு எதையாவது அனுப்ப வேண்டும். மசாலாத்தூள் அனுப்புகிறார்கள், ஊறுகாய் அனுப்பினால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். புத்தகம் போய்ச் சேரும். அதனால் கையெழுத்துப் போடும் முன் "யாருக்கு எழுதட்டும்?" என்று கேளுங்கள். வாங்குபவர் பெயரையே எழுதிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு யோசிக்கும் இடைவெளியில்தான் இரண்டாவது பிரதி நினைவுக்கு வரும். இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

எது முதலில் என்று கேட்டீர்கள். உங்கள் கதைக்கு நவம்பர் 16தான் முதல். 1860இல் ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள். அதையொட்டிப் பள்ளிக்கூடம், சங்கம், நூலகம் என்று எங்கே பார்த்தாலும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும். எல்லாருக்கும் பேச்சாளர் வேண்டும். ஆனால் வரலாற்றுப் பேராசிரியர்கள் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்? ஒரே ஆளை மூன்று இடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தோட்டத்து வாழ்க்கையைக் கதையாக எழுதிய, அதுவும் அங்கே வேலை செய்தவர் பேத்தி என்றால் விடமாட்டார்கள். ஆகஸ்டிலேயே கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் பட்டியல் முடிந்திருக்கும்.

அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் ஒரு விதம். பையில் ஒரு நகல் தாள் வைத்திருப்பார்கள். கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண், கப்பல் பெயர், வந்த தேதி, ஊர், சாதி, உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் அதில் இருக்கும். 1911 வரைக்கும் வந்த ஒன்றரை லட்சம் சொச்சம் பேருக்கும் இப்படிப் பதிவு உண்டு. ஆவணக் காப்பகத்திலும், டெர்பி தெருவில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திலும் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்களிடம் வந்து அந்தத் தாளை நீட்டுவார்கள். வாங்கிப் படியுங்கள். அவசரப்படாதீர்கள். "வடஆற்காடு என்று போட்டிருக்கிறதே, எந்தக் கிராமம் அங்கிள்?" என்று கேட்டால் போதும். அந்தத் தாளில் இருக்கிற ஆள் காலையில் என்ன சாப்பிட்டான், யாரை நேசித்தான் என்று எந்த ஆவணத்திலும் இல்லை. உங்கள் நாவலில் இருக்கிறது. அவர்களுக்கே அது புரியும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள். எல்லாரும் கேட்பார்கள்: "எங்க குடும்பத்தப் போட்டிருக்கியா?" சிலர் பயத்தில் கேட்பார்கள், பெரும்பாலோர் ஆசையில் கேட்பார்கள். நான் "பெயரை மாத்தித்தான் போட்டிருக்கேன், படிச்சுப் பாத்து நீங்களே கண்டுபிடிங்க" என்பேன். என் மனைவி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

நூலகத்தை விட்டுவிடாதீர்கள். டர்பன் 2017இலிருந்து யுனெஸ்கோவின் இலக்கிய நகரம், ஆப்பிரிக்காவிலேயே முதலாவது. அதைச் சொல்லிப் பேட்டை நூலகத்தில் கேட்டால் சனிக்கிழமை காலையில் கூடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பிரதியை நன்கொடையாகக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஆமாம், புத்தக எண் (ISBN) வாங்கினீர்களா? தேசிய நூலகத்தில் இலவசமாகவே தருகிறார்கள், வெளியே பணம் கொடுத்து வாங்காதீர்கள். சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளையும் அனுப்பிவிடுங்கள். அதில் ஒன்று நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நூலகத்துக்குத்தான் போகிறது. நம் கதை அங்கே ஒரு தட்டில் இருக்கிறது என்பதே எனக்கு ஒரு திருப்தி.

பணம் வாங்கக் கூச்சம் என்றால் விலையை முழு எண்ணாக வையுங்கள். 200 ரேண்ட் என்றால் 200. நூற்று எண்பத்தைந்து என்று வைத்தால் சில்லறை தேடியே பாதி ஆட்கள் போய்விடுவார்கள். கார்டு தட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "கையில காசில்ல, அடுத்த வாரம்" என்று நழுவ இடமிருக்காது. காசு வாங்குகிற வேலையை உங்கள் அக்காவிடமோ கணவரிடமோ கொடுங்கள். எழுதியவள் கையெழுத்துப் போட வேண்டும், கல்லாவில் உட்காரக் கூடாது. எங்கள் வீட்டில் கல்லா மனைவிதான். உறவுக்காரர்களுக்கு இலவசம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று என்னை அந்தப் பக்கமே விடுவதில்லை.

கோவில் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கமிட்டி ஆள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

செயலாளர்_அண்ணன் எழுதியது:

கமிட்டி ஆள் இதோ. தென்கடற்கரைப் பக்கம் ஒரு கோவிலில் இருக்கிறேன், எந்தக் கோவில் என்று வேண்டாம், ஏற்கெனவே போதுமான சண்டை இருக்கிறது.

மீனா, உங்கள் அம்மா சொல்வதில் பாதி நியாயம். எந்த நாள், எந்த இடம் என்பதுதான் விஷயம்.

காவடி நாள் வேண்டாம். கொடியேற்றத்திலிருந்து விரதம் இருந்து, அலகு குத்தி, ரதம் இழுத்துக்கொண்டு வருகிற பையனுக்குப் பின்னால் அவன் குடும்பமே வேறு உலகத்தில் வரும். அங்கே நாவலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது சரியும்கூட. புனித வெள்ளியும் வேண்டாம். இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு அன்றைக்கு வருகிற கூட்டத்தில் கோழியும் கரகமும் நகரவே வழியில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது, அதனால் அம்மனுக்கு அதுவே திருவிழா நாளாகிப் போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை உங்கள் கதையில் போட்டிருக்கிறீர்களா?

ஆடிக் கூழ் நாள் வேறு. குடும்பமாக வருவார்கள். பூசை முடிந்து கூழும் சாப்பாடும் ஆகும்வரை கூடாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நம் குளிர்காலம், மழை இருக்காது. சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடம் தாண்டி மேசை போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசலுக்கும் சன்னதிக்கும் நடுவில் போடாதீர்கள். பிரசாத வரிசையைப் பார்த்தபடியும் வேண்டாம், யாரோ ஒரு மாமி கமிட்டியிடம் வந்து கத்துவார்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னால் மட்டும் போதாது. தலைவருக்கும் செயலாளருக்கும் கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப் இல்லை, கடிதம். கூட்டத்தில் வைத்துக் குறிப்பில் ஏற்றிவிட்டால் அன்றைக்குக் காலையில் யாரும் உங்களை மேசையிலிருந்து எழுப்பிவிட முடியாது. தெரிந்தவர் வாயால் சொன்ன மேசைகள் காலை எட்டு மணிக்கு வேறு ஒருவருடைய மேசையாகிவிடுவதை நான் எத்தனையோ பார்த்தாயிற்று.

கோவிலுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். விற்பனையில் பங்கு என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். சாயந்திரம் உட்கார்ந்து எத்தனை விற்றது என்று எண்ணிக்கொண்டிருப்பது யாருக்கும் அழகில்லை. ஒரு தொகையை முன்கூட்டியே நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பட்டியல் வாசிக்கும்போது உங்கள் பெயரும் வரும். "நம்ம ஊர்ப் பொண்ணு தோட்டத்துக் கதை எழுதியிருக்கு, வெளிய மேசை போட்டிருக்கு" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மைக்கைப் பிடிக்கிறவர் எப்படியும் நிறுத்த மாட்டார், நாலு வார்த்தை கூடப் பேசினால் என்ன?

இன்னும் ஒன்று. வருகிறவர் கையில் மஞ்சள், குங்குமம், எண்ணெய், கூழ். புரட்டிப் பார்க்க ஒரே ஒரு பிரதியைப் பிளாஸ்டிக் உறை போட்டு வெளியே வையுங்கள். மற்றது பெட்டியில் இருக்கட்டும்.

---

போர்ட்லூயி_வாசகன் எழுதியது:

மொரீஷியஸிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, கோவில் பக்கம் கூட்டம் அலைமோதும், ஆனாலும் அன்றைக்குப் புத்தகம் விற்க யாரும் நினைப்பதில்லை, செயலாளர் சொன்ன அதே காரணம். எங்கள் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நாள் நவம்பர் 2. அவர்கள் வந்து இறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ நினைவிடத்தில் அரசு விழா முடிந்ததும் ஊர் ஊராகச் சங்கங்கள் தனித்தனியாக நடத்தும் மாலை நிகழ்ச்சிகளில்தான் எழுத்தாளர்களுக்கு இடம் கிடைக்கிறது. நவம்பர் 2இல் இங்கே, 16இல் அங்கே. மீனா அக்கா, நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது, விமான டிக்கெட் பாருங்கள்!

என் நண்பர் ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில் எழுதியவர். வாசிப்பு நிகழ்ச்சிகளில் முதலில் பாட்டி பாடிய தாலாட்டு இரண்டு வரியைத் தமிழில் பாடிவிட்டுத்தான் தொடங்குவார். அர்த்தம் தெரியாதவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். உங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கவே வருகிறது. நாவலில் இருக்கிற ஒரு பேச்சை ஆங்கிலத்தில் வாசித்து, அதையே அந்த அக்காவும் தங்கையும் பேசியிருக்கக்கூடிய தமிழில் சொல்லிக்காட்டுங்கள்.

---

லெனேசியா_ராஜு எழுதியது:

சரி, பேரக்ஸ் அண்ணன் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். எதிரே ஒலிபெருக்கி இருந்தால் கம்பனே வந்தாலும் விற்காது. ஆனால் ஒரு சந்தேகம். மூத்தோர் சங்கம், நவம்பர் 16 என்று போனால் வாங்குகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள்தானே? இளைஞர்களை எங்கே பிடிப்பது?

அப்புறம் எச்சரிக்கை ஒன்று. பரிசளிப்பு விழாவுக்குப் பரிசாகக் கொடுக்கிறோம் என்று ஒரு பள்ளி என்னிடம் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனது. "விளம்பரம்தானே சார்" என்று இன்றுவரை காசு வரவில்லை. பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

---

பேரக்ஸ்_பேரன் எழுதியது:

ராஜு தம்பி, அறுபதைத் தாண்டியவர்கள் வாங்கினால் என்ன குறை? அவர்கள் கையில்தான் பணமும் நேரமும் இருக்கிறது. படித்துவிட்டுச் சும்மா இருப்பதும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்வார்கள். என் புத்தகத்தைத் தேடி என்னைக் கூப்பிட்ட இளைஞர்களில் பாதிப் பேர் "எங்க ஆயா சொன்னாங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

ஆனால் இளைஞர்கள் நேராகவே வருகிற ஓர் இடம் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். தூனி போட்டி. வெளியூர்க்காரர்களுக்கு: அது எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். கோவிலுக்கும் கால்பந்துக் குழுவுக்கும் பணம் திரட்டச் சனிக்கிழமை ராத்திரி போட்டி வைப்பார்கள். தோற்றுப்போன ஜோடி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் டீக்கடைப் பக்கம் நிற்கும். அங்கே ஒரு மேசை. என் இரண்டாவது நாவலில் சீட்டாட்டத்தில் வீட்டையே கோட்டைவிடுகிற ஒருவன் வருகிறான். அந்த அத்தியாயம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வேன். நின்றுகொண்டே படிப்பார்கள். விளையாட்டில் தப்பு எழுதியிருந்தால் அப்போதே கூப்பிட்டுத் திட்டுவார்கள். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

பள்ளிப் பரிசு விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். மீனா, நீங்கள் கணக்கர் அலுவலகத்தில் இருப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சுச் செலவுக்கே கொடுங்கள், ஆனால் பணம் வந்த பிறகு பெட்டி கிளம்பட்டும்.

---

மீனா_ஃபீனிக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெட்டிகளை அலமாரிக்கு ஏற்றியாகிவிட்டது, சாப்பாட்டு மேசையில் காலை நீட்ட முடிகிறது. புத்தக எண் தேசிய நூலகத்தில்தான் வாங்கினேன் அண்ணா. சட்டப் பிரதிகள் இன்னும் அனுப்பவில்லை, இந்த வாரம் அனுப்புகிறேன்.

செயலாளர் அண்ணா, புனித வெள்ளித் திருவிழா நாவலில் இருக்கிறது. தங்கச்சி தீமிதி பார்க்கப் போய்த்தான் கதையே திரும்புகிறது. அம்மாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "செருப்பு விடுற இடம் தாண்டின்னா சரி" என்றுவிட்டார். கூடவே, கல்லாவில் தானே உட்காருவதாகவும் சொல்கிறார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அம்மா பேரம் பேசுபவர்.

கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஃபீனிக்ஸ் நூலகத்தில் கேட்டதற்கு, மார்ச்சில் எழுத்தாளர் விழா நேரத்தில் வாருங்கள் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டுமா? ஒரு பெண்கள் குழுவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அது அடுத்த மாதமே. பத்து நிமிடத்துக்கு எந்தப் பகுதியை வாசிப்பது என்று தெரியவில்லை. தீமிதிப் பகுதி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அதை வாசித்தால் கதை தெரிந்துவிடுமே?

---

பேரக்ஸ்_பேரன் எழுதியது:

மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் நூலகங்களில் வெளிநாட்டு எழுத்தாளர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள், உங்களுக்கு ஓர் ஓரம்தான் மிஞ்சும். நவம்பர் நிகழ்ச்சி என்று கடிதத்தில் எழுதி மறுபடி கேளுங்கள்.

தீமிதிப் பகுதியை வாசிக்காதீர்கள். கதை தெரிந்துவிடும் என்பதற்காக இல்லை. பெண்கள் குழுவில் பாதிப் பேர் தீ மிதித்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் அறிந்ததைவிட நன்றாக நீங்கள் சொல்லிவிட முடியாது. லைன் வீட்டுச் சமையல், துவைக்கிற கல், இரண்டு சகோதரிகள் ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டுவது, அப்படி ஏதாவது சின்னதாக இருக்கிறதா? அதை வாசியுங்கள். அவர்கள் குறுக்கிட்டால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்றும் கொண்டுபோங்கள், அடுத்த நாவலுக்கு வேண்டியது அங்கே வரும்.

அம்மா கல்லாவில் உட்காரட்டும். விலையைக் குறைத்தால் உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் குறைப்பார், மற்றவர்களிடம் கூடுதலாகவே வாங்கிவிடுவார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

---

செயலாளர்_அண்ணன் எழுதியது:

மேசை விரிப்பு சொந்தமாகக் கொண்டுவாருங்கள், கோவில் விரிப்பு எல்லாம் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போய்விடும். வெயிலுக்குக் குடையும் வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் காரை வாசல் வரை விடுவார்கள், அதற்கப்புறம் பெட்டியைத் தெருமுனையிலிருந்து சுமக்க வேண்டியதுதான்.